குதிரையோடு ஒரு கூடாரம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், டெக்சஸில் பாண்டேரா பக்கம் குதிரைகளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வந்ததைப் பற்றி ஓரமாக நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவே இல்லை. டெக்சஸில் நம் ஆட்கள் வீட்டுக்கு ஒரு டெஸ்லா வைத்திருப்பது தெரியும், குதிரை வைத்திருப்பது இப்போதுதான் தெரிகிறது. அதனால் இந்த முறை வழக்கமான செடி கொடிக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு முழுக்க இதற்கே. நான் பயிற்சியாளர் இல்லை, மருத்துவர் இல்லை. பன்னிரண்டு வருடமாக இரண்டு குதிரைகளோடு (செல்லி, மருது) பாடுபடுகிற ஒரு குடும்பத்தலைவி, அவ்வளவுதான்.

கேள்வி: போன வருடம் இரண்டு குதிரை வாங்கினோம், ஒரு ஸ்டேபிளில் விட்டிருக்கிறோம். பிள்ளைகளுக்கு வயது 7, 10. நவம்பரில் மாமியார் ஊரிலிருந்து வருகிறார். தேங்ஸ்கிவிங் விடுமுறையில் ஐந்து பேரும் ஹில் கன்ட்ரி பக்கம் நாலு நாள் குதிரைகளோடு தங்கலாம் என்று ஆசை. எங்கே தொடங்குவது? (வாசகி, ஆஸ்டின்)

முதலில் நாலு நாளை இரண்டு இரவாக்குங்கள். வெள்ளி மதியம் போய் ஞாயிறு மதியம் திரும்புங்கள். அதற்கும் முன்னால் ஒரு ராத்திரி, நீங்கள் குதிரை விட்டிருக்கிற ஸ்டேபிள்காரரிடமே கேட்டு அங்கேயே ஒரு ஓரத்தில் கூடாரம் அடித்து, குதிரைகளை லாயத்தில் விடாமல் வெளியே கட்டி, தூங்கிப் பாருங்கள். ஏதாவது சொதப்பினால் பத்து அடியில் லாயம் இருக்கிறது. சொதப்பும், நம்புங்கள்.

எல்லோரும் திட்டம் போடும்போது சவாரியை மட்டும்தான் யோசிக்கிறார்கள், எந்தப் பாதை, எத்தனை மைல், எங்கே போட்டோ என்று. ஒரு நாளில் நாம் குதிரைமேல் உட்காரப்போவது மிஞ்சினால் மூன்று மணி நேரம். மீதி 21 மணி நேரம் அது உங்கள் விருந்தாளி, தின்னும், குடிக்கும், போகும், பயப்படும், அலுத்துப்போய் மரத்தைக் கடிக்கும். அந்த 21 மணி நேரத்துக்குத்தான் திட்டம் வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். ஆயிரம் பவுண்டு எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 பவுண்டு உலர்புல் வேண்டும். இரண்டு குதிரை, மூன்று பகல் என்றால் 120 பவுண்டு. இங்கே விற்கிற சின்னக் கட்டு ஒன்று சுமார் 50 பவுண்டு, ஆக இரண்டரைக் கட்டு. நீங்கள் நாலு கட்டு எடுத்துப் போங்கள், ஏனென்றால் குதிரை கால் வலித்தோ டிரெய்லர் டயர் வெடித்தோ ஒரு நாள் கூடத் தங்க நேர்ந்தால் அங்கே புல் விற்கிற கடை கிடையாது. வீட்டில் தின்கிற அதே புல்தான் போக வேண்டும். புது ஊர், புதுப் புல், புதுத் தண்ணீர் மூன்றும் ஒரே நாளில் வந்தால் குதிரையின் வயிறு தாங்காது. புல்லை மாற்றியே ஆக வேண்டும் என்றால் கிளம்புவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். தேசிய வனம் எதற்காவது போவதாக இருந்தால் இன்னொன்றும் உண்டு, பல இடங்களில் களைவிதை இல்லை என்று சான்று பெற்ற புல்லை மட்டும்தான் உள்ளே விடுவார்கள், சாதாரணக் கட்டைக் கொண்டுபோனால் வாசலிலேயே திருப்பி அனுப்பலாம்.

தண்ணீர் ஒரு குதிரைக்கு நாளைக்கு 5 முதல் 10 காலன். பாண்டேராவுக்குத் தென்மேற்கே இருக்கிற ஹில் கன்ட்ரி ஸ்டேட் நேச்சுரல் ஏரியாவுக்குத்தான் போகப்போகிறீர்கள் என்று நினைக்கிறேன், உங்கள் ஊரிலிருந்து முதல் தடவை போக அதுவே நல்ல இடம். ஒரு காலத்தில் பண்ணையாக இருந்தது, சுமார் 5,400 ஏக்கர், 40 மைலுக்குப் பாதைகள், குதிரையோடு தங்குகிறவர்களுக்கென்றே தனி இடங்கள். ஆனால் மனிதர் குடிக்கத் தண்ணீர் அங்கே கிடையாது, நாம்தான் கொண்டுபோக வேண்டும். குதிரைக்கான தண்ணீர் எங்கே எப்படி என்று முன்பதிவு செய்யும்போதே பூங்கா அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். கேட்ட பிறகும் வீட்டுத் தண்ணீர் 30 காலனாவது டிரெய்லரில் ஏற்றுங்கள், ஏனென்றால் சில குதிரைகள் வாசனை மாறினால் குடிக்காது. எங்கள் மருது அப்படித்தான், மூக்கை வாளிக்குள் விட்டு ஒரு ஊது ஊதிவிட்டு மாமனார் காபியைப் பார்ப்பதுபோல் நம்மைப் பார்க்கும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டுத் தண்ணீரில் கொஞ்சம் ஆப்பிள் ஜூஸ் கலந்து பழக்கிவிட்டால், அங்கே போயும் அதையே கலந்து ஏமாற்றலாம்.

அந்தப் பக்கம் பாதையெல்லாம் சுண்ணாம்புக்கல். லாடம் இல்லாத குதிரை என்றால் லாடம் அடியுங்கள், இல்லை குளம்புக்குப் பூட்ஸ் வாங்குங்கள். பயணத்துக்கு முதல்நாள் அடிக்க வேண்டாம், பத்து நாள் முன்னால்.

காகிதம்: டெக்சஸ் மாநிலப் பூங்காக்களில் குதிரையை இறக்கும் முன் காகின்ஸ் சோதனைச் சான்று கேட்பார்கள். குதிரைக்கு வருகிற ஒரு தொற்று ரத்தசோகை இல்லை என்பதற்கான ரத்தப் பரிசோதனை அது, பன்னிரண்டு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். மாநில எல்லை தாண்டுவதாக இருந்தால் இதோடு கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றும் வேண்டும், அது பெரும்பாலும் 30 நாளுக்குத்தான் செல்லும். இரண்டையும் போனில் படமெடுத்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், அங்கே சிக்னல் திண்டாட்டம், அச்செடுத்து வண்டியில் வையுங்கள்.

நவம்பர் என்பதால் இன்னொன்று. குளிர்காலத்தில் இங்கே பல மாநிலப் பூங்காக்களை மான் வேட்டைக்காகச் சில நாட்கள் மூடிவிடுவார்கள். தேதியைப் பார்த்துவிட்டு மாமியாரின் டிக்கெட்டைப் போடுங்கள்.

கடைசியாக, ஐந்து பேருக்கு இரண்டு குதிரை. ஒருவர் சவாரி போக மற்றவர் இன்னொரு குதிரையோடு கேம்ப்பில் இருக்கலாம் என்று தோன்றும். முடியாது. ஒன்றாகவே வளர்ந்த இரண்டில் ஒன்று மட்டும் கண்ணை விட்டு மறைந்தால் மிச்சமிருப்பது ஊரே கேட்கும்படி கனைக்கும், காலால் மண்ணைத் தோண்டும், கட்டை அறுக்கப் பார்க்கும், சவாரி போன குதிரையும் திரும்பத் திரும்பப் பின்னால் பார்த்துக்கொண்டே நடக்கும். போனால் இரண்டும் போக வேண்டும், இருந்தால் இரண்டும் இருக்க வேண்டும். ஆக ஒரு வேளைக்கு இரண்டு பேர்தான் சவாரி. காலையில் நீங்களும் பெரியவனும், சாயங்காலம் அவரும் சின்னதும், அதுவும் சின்னது ஒரு மைல் போதும். இதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்பினால் அங்கே போய் "நான்தான் முதல்ல" சண்டை பாதியாகக் குறையும்.

கேள்வி: எங்களிடம் குதிரை கிடையாது. இரண்டு தடவை வாடகைக் குதிரையில் போயிருக்கிறோம், பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. குதிரைகளை வாடகைக்கு எடுத்து நாங்களே காட்டில் தங்க முடியுமா? (வாசகர், பிளேனோ)

வேண்டாம் தம்பி. அதற்குக் குதிரை கொடுக்கிற இடமும் அநேகமாகக் கிடைக்காது, கொடுத்தால் அதுவே கவலைப்பட வேண்டிய விஷயம். பாண்டேராவைச் சுற்றி விருந்தினர் பண்ணைகள் நிறைய இருக்கின்றன, "உலகத்தின் கவ்பாய் தலைநகரம்" என்று அந்த ஊர் தன்னையே சொல்லிக்கொள்கிறது. அங்கே தங்குமிடம், சாப்பாடு, வழிகாட்டியோடு சவாரி எல்லாம் சேர்த்தே கொடுப்பார்கள். சைவம் என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்று வேளையும் பீன்ஸும் சோளரொட்டியும்தான். காலை தீனி போடும் வேலைக்குப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வீர்களா என்றும் கேளுங்கள். ஆறு மணிக்கு எழுந்து லத்தி அள்ளிய பிறகும் அவர்களுக்குக் குதிரை பிடித்திருந்தால் அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி: எங்கள் ஹைலேண்டரில் டிரெய்லரை இழுக்கலாமா? ஐயாயிரம் பவுண்டு இழுக்கும் என்று போட்டிருக்கிறது. (வாசகர், கேட்டி)

இரண்டு குதிரை டிரெய்லர் காலியாகவே மூவாயிரம் பவுண்டுக்குப் பக்கம் வரும். அதில் இரண்டு குதிரை இரண்டாயிரம். ஆச்சு ஐயாயிரம். இன்னும் புல், தண்ணீர் (ஒரு காலன் எட்டு பவுண்டுக்கு மேல்), சேணம், கூடாரம், குக்கர், உங்கள் குடும்பம் எதுவும் ஏறவில்லை. இழுப்பதைவிட நிறுத்துவதுதான் பிரச்சினை, பின்னால் இருப்பது சோபா இல்லை, நாலு காலில் நின்றபடி எடையை மாற்றிக்கொண்டே இருக்கிற உயிர். முக்கால் டன் என்று சொல்கிற கனரகப் பிக்கப் வண்டி வைத்திருக்கிற நண்பர் யாரையாவது பிடியுங்கள், பெட்ரோல் போட்டு ஒரு வார பிரியாணியும் கட்டிக் கொடுங்கள்.

டிரெய்லர் டயரைத் தேய்மானத்தை வைத்து எடை போடாதீர்கள். வருடத்தில் பத்து நாள் ஓடி மீதி நாள் வெயிலில் நிற்கிற டயர் பார்க்கப் புதிதாக இருக்கும், உள்ளே வெடித்திருக்கும். ஓரத்தில் தயாரித்த வாரமும் வருடமும் நாலு இலக்கமாக அச்சிட்டிருக்கும், பாருங்கள். குதிரையை இறக்காமலே டயர் மாற்றுவதற்கு ஏற்றுமேடை ஒன்று விற்கிறார்கள், நல்ல டயரை அதன்மேல் ஏற்றினால் பஞ்சரான டயர் அந்தரத்தில் நிற்கும். கட்டாயம் வாங்குங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் குதிரையை இறக்குவது என்ற யோசனையே வரக் கூடாது.

கேள்வி: ராத்திரி குதிரையை எப்படிக் கட்டுவது? மரத்தில் கட்டினால் போதாதா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். (வாசகி, ரவுண்ட் ராக்)

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும், என் பாவக்கணக்கும் இதில் இருக்கிறது.

எங்கள் முதல் பயணம், ஒரு தேசிய வனம். எனக்கு அப்போது எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. செல்லி வசதியாகப் படுக்கட்டும் என்று டிரெய்லர் வளையத்தில் கயிற்றை நீளமாக விட்டுக் கட்டினேன். ராத்திரி இரண்டு மணி இருக்கும், டிரெய்லர் தகரத்தில் டம் டம்மென்று சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால், அவள் மூன்று காலில் நிற்கிறாள், நாலாவது கால் அந்தரத்தில். கயிறு பின்னங்கால் குளம்புக்கு மேலே இருக்கிற அந்தப் பள்ளத்தில் போய் மாட்டியிருக்கிறது, அவள் இழுக்க இழுக்க அறுக்கிறது. என் முடிச்சோ இறுகிக் கல்லாகிவிட்டது. நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, வீட்டுக்காரர் கூடாரத்துக்குள் ஓடி வெங்காயம் நறுக்கிய கத்தியைக் கொண்டுவந்து கயிற்றை அறுத்தார். உரிந்த தோலின் கீழே இளஞ்சிவப்பாக ஒரு கோடு, வளையல்போல. ஆறு வாரம் சவாரி இல்லை. இன்றைக்கும் அந்த இடத்தில் முடி வெள்ளையாகத்தான் முளைக்கிறது.

அன்றிலிருந்து என் இடுப்பில் கத்தி இல்லாமல் நான் கயிற்றைத் தொடுவதில்லை.

சரி, முறை என்ன? குழாய்த் தடுப்புக் கூண்டு இருக்கிற கேம்ப்பாகப் பார்த்துப் பதிவு செய்வது முதல் தடவைக்கு உத்தமம். கதவின் கொக்கி, நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, யாரோ விட்டுப்போன கட்டுக்கயிறு, இவற்றைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுக் குதிரையை விடுங்கள். கூண்டு இல்லாத இடத்தில் ஹைலைன். இரண்டு பருத்த மரங்களுக்கு நடுவே, ஏழடிக்குக் குறையாத உயரத்தில், குதிரையின் தலைக்கு மேலே போகும்படி ஒரு கயிற்றை நன்றாக இழுத்துக் கட்டுவது. மரத்தைச் சுற்றிக் கயிறு நேராகப் படக் கூடாது, அகலமான பட்டை போட்டு அதில் மாட்ட வேண்டும், இல்லையென்றால் மரப்பட்டை உரிந்துவிடும். அந்த மேல்கயிற்றிலிருந்து குதிரையின் தலைக்கயிறு தொங்கும். நீளம்தான் விஷயம்: தலையைத் தாழ்த்தினால் கீழே போட்ட புல்லை வாய் எட்ட வேண்டும், அதற்குமேல் ஒரு முழம்கூட மிச்சம் இருக்கக் கூடாது. மிச்சம் இருந்தால் கால் அதற்குள் போகும், என் செல்லியைப்போல. கயிறு நகர்ந்து இரண்டும் ஒன்றோடொன்று சிக்காதபடி மேல்கயிற்றில் நிலையான கண்ணிகள் போட்டு, இரண்டு குதிரைக்கும் நடுவே பத்தடிக்கு மேல் விடுங்கள், மரத்திலிருந்தும் தள்ளியே கட்டுங்கள். நேராக மரத்தில் கட்டினால் ராத்திரி முழுக்க அது காலால் தோண்டி வேரை வெளியே கொண்டுவந்துவிடும், அடுத்த வருடம் அந்த மரம் இருக்காது. ஓடை, குளம் எதிலிருந்தும் 200 அடி தள்ளி. ஹைலைனை அனுமதிக்காத பூங்காக்களும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நுனியை இழுத்தால் சட்டென்று அவிழும் முடிச்சைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். வீட்டு நாற்காலிக் காலில் கட்டிப் பழகட்டும், கண்ணை மூடிக்கொண்டு போட வரும்வரை.

பேட்டரியில் ஓடுகிற மின்வேலி லேசானது, வசதியானது, எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. வீட்டில் அதற்குப் பழகாத குதிரைக்கு அது வெறும் ரிப்பன். மான் கூட்டம் ஒன்று அலறி ஓடினால் உங்கள் குதிரையும் சேர்ந்து ஓடும். எதுவானாலும் கழுத்திலோ தலைக்கயிற்றிலோ உங்கள் போன் எண் எழுதிய பட்டை இருக்கட்டும். இன்னொன்று, எல்லோருமாக ஊருக்குள் சாப்பிடப் போகலாம் என்று கிளம்பக் கூடாது. கட்டிப்போட்ட குதிரையோடு ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும்.

கேள்வி: என் பெண்ணுக்கு ஆறு வயது. அவளை முன்னால் உட்காரவைத்து நானே ஓட்டலாம் அல்லவா? (வாசகர், ஃப்ரிஸ்கோ)

கூடாது. ஊரில் அய்யனார் கோயில் மண்குதிரைமேல் உட்காரவைத்து எடுக்கிற போட்டோ மாதிரி இது. குதிரை துள்ளினால் உங்கள் எடை முழுவதும் அவள்மேல்தான் விழும். அவள் தனியாக உட்காரட்டும், நீங்கள் கீழே நின்று பிடித்து நடத்துங்கள்.

தலைக்கவசம் சைக்கிளுடையது ஆகாது. குதிரைச் சவாரிக்கென்று ஏஎஸ்டிஎம் தரச் சான்று பெற்றது என்று உள்ளே ஒட்டியிருக்கும், அதை வாங்குங்கள், இரவல் வேண்டாம். காலணிக்கு அரை அங்குலமாவது குதிகால் இருக்க வேண்டும், இல்லையென்றால் கால் சேணத்தில் தொங்கும் மிதிவளையத்துக்குள் வழுக்கிப் போய் மாட்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது, இது பெரியவர்களுக்கும்தான்.

ஆனால் பிள்ளைகளுக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் சவாரியில் இல்லை, கேம்ப்பில். குதிரைக்கு நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் கண் தெரியாது. ஒரு தடவை என் தங்கை மகன் சிப்ஸ் பாக்கெட்டைப் படக்கென்று பிரித்துக்கொண்டே மருதுவின் பின்னால் ஓடினான். உதைக்கவில்லை, எங்கள் முன்னோர் செய்த புண்ணியம். அதிலிருந்து தரையில் சுண்ணாம்புப்பொடியால் ஒரு கோடு போடுகிறோம். அதைத் தாண்ட வேண்டுமானால் பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும், வாயால் குதிரையின் பெயரைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். கோட்டுக்கு இந்தப் பக்கம் என்ன ஆட்டம் வேண்டுமானாலும் போடலாம். ஆறு வயதுக்கு ஒரு வேலையும் கொடுங்கள், வாளியில் தண்ணீர் எவ்வளவு குறைந்தது என்று ஒவ்வொரு வேளையும் நோட்டில் எழுதுவது. விளையாட்டாகத் தெரியும், குதிரை தண்ணீர் குடிக்கவில்லை என்பது முதலில் தெரிவதும் அந்த நோட்டில்தான்.

கேள்வி: என் மாமியார் மடி ஆசாரம் பார்ப்பவர். குதிரைச் சாணம், ஈ, நாற்றம் நடுவே எப்படிச் சமைப்பது என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார். (பெயர் வேண்டாம் என்கிறார், சான் அன்டோனியோ)

அவர் கேட்பது நியாயம்தானே? ஒரு குதிரை ஒரு நாளைக்கு 30 பவுண்டுக்குக் குறையாமல் லத்தி போடும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, காற்று வரும் பக்கம் அடுப்பையும் கூடாரத்தையும் வையுங்கள், போகும் பக்கம் குதிரைகளை. நடுவே நூறடி. வேளைக்கு வேளை அள்ளிவிட்டால் ஈ பாதியாகக் குறையும். எங்கே கொட்டுவது என்பது இடத்துக்கு இடம் மாறும், சில கேம்ப்பில் தொட்டி உண்டு, சில இடத்தில் டிரெய்லரிலேயே திருப்பிக் கொண்டுபோகச் சொல்வார்கள்.

சமையலைப் பொறுத்தவரை கிளம்பும் அன்று புளியோதரை, மறுநாளைக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும், தயிருக்கு ஐஸ்பெட்டி. குதிரை வேலை முடியாமல் மனிதருக்குச் சாப்பாடு இல்லை என்பதால், பசி வந்த பிறகு அரிசி களைகிற கதை ஆகாது. கேஸ் அடுப்பு எடுத்துப் போங்கள், மழை இல்லாத மாதங்களில் கவுண்டி முழுக்க நெருப்புக்குத் தடை போட்டுவிடுவார்கள், விறகை நம்பிப் போய்ப் பட்டினி கிடக்க வேண்டாம். மாமியாருக்கு ஒரு நல்ல மடக்கு நாற்காலி. என் அனுபவத்தில் இரண்டாம் நாள் காலை அவரே கேரட்டோடு அந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்.

கேள்வி: ஊரிலிருந்து வந்திருக்கிற அப்பாவுக்கு 68 வயது, 84 கிலோ. குதிரை ஏற ஆசைப்படுகிறார். ஏற்றலாமா? (வாசகி, சுகர் லேண்ட்)

பொதுவாகச் சொல்கிற கணக்கு, ஆளும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 450 கிலோ குதிரைக்கு 90 கிலோ. வெஸ்டர்ன் சேணம் மட்டும் 15 கிலோவுக்கு மேல் வரும். அப்பா அந்தக் கணக்கைத் தாண்டுகிறார், பெரிய குதிரை வேண்டும். அதோடு, விசிட்டர் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள், குதிரைச் சவாரியை விலக்கிவைத்திருக்கிற பாலிசிகள் உண்டு. லாயங்களின் வாசலில் டெக்சஸ் சட்டம், அத்தியாயம் 87 என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை பார்த்திருப்பீர்கள். குதிரையோடு கூடப்பிறந்த ஆபத்துகளால் அடிபட்டால் லாயக்காரர் பொறுப்பில்லை என்பதுதான் அதன் சாரம். பெரிய, சாதுவான குதிரை, உயரமான ஏற்றுமேடை, பக்கத்தில் ஆள், கேம்ப்பைச் சுற்றி பத்து நிமிடம் என்றால் ஏற்றலாம். இறங்கும்போதுதான் முட்டி பிடிக்கும், அங்கே இருவர் நில்லுங்கள்.

கேள்வி: பாம்பு, விஷச்செடி, வயிற்றுவலி… எதற்கு எவ்வளவு பயப்பட வேண்டும்? (வாசகர், டாலஸ்)

வயிற்றுவலிக்குத்தான் அதிகம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது ஒரே வழியாகத்தான் வெளியே வர வேண்டும். தின்னாமல் நிற்பது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, காலால் தரையைத் தட்டுவது, படுத்துப் புரள்வது, லத்தி போடாமல் இருப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் தீனியை எடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். எந்த மருத்துவரை? நாய் பூனை மருத்துவர் வர மாட்டார். போகிற ஊரில் குதிரை பார்க்கிற மருத்துவர் யார், சனி ஞாயிறு வருவாரா என்று வீட்டிலிருக்கும்போதே கேட்டு எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் மருத்துவர் பனமைன் என்ற குதிரை வலிமருந்து எழுதிக் கொடுத்திருந்தால் வாய்வழிப் பசையாக வாங்கிவையுங்கள், அதைத் தசையில் ஊசியாகப் போடக் கூடாது, அங்கே புண்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

செடியில் நமக்குத் தெரிந்த எதிரி அரளிதான். டெக்சஸ் நெடுக அழகுக்காக நட்டிருக்கிறார்கள், பெட்ரோல் பங்க், ஓய்வு நிறுத்தம் என்று எங்கும். கொஞ்சம் இலை போதும், காய்ந்த இலையும் விஷம்தான். தண்ணீர் காட்ட நிறுத்துகிற இடத்தில் வேலியோரம் பார்த்துவிட்டு இறக்குங்கள். அப்புறம் கருவாலிக் கொட்டைகள், இலையுதிர்காலத்தில் ஓக் மரத்தடியில் கொட்டிக்கிடக்கும், அதிகம் தின்றால் சிறுநீரகம் கெடும், கட்டுகிற இடத்தைப் பெருக்கிவிடுங்கள். குதிரை மசால் (இங்கே அல்ஃபால்ஃபா) கட்டு வாங்கினால் கட்டைப் பிரித்துப் பாருங்கள், பிளிஸ்டர் பீட்டில் என்ற வண்டு செத்துக் காய்ந்து உள்ளே இருந்தாலும் அதன் விஷம் போகாது.

பாம்பு கடித்தால் பெரும்பாலும் மூக்கில் கடிக்கும், முகர்ந்து பார்க்கப் போய். குதிரை வாயால் மூச்சு விடாது, மூக்கு வீங்கினால் மூச்சே அடைக்கும். அதனால் அனுபவசாலிகள் அரை அடி ரப்பர் குழாய் இரண்டு துண்டு வைத்திருப்பார்கள், வீக்கம் முழுதாக ஏறும் முன் மூக்குத்துளையில் செருக. எப்படி என்று உங்கள் மருத்துவரிடம் ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுக்கு நான் இவை எல்லாவற்றையும்விட அதிகம் பயப்படுகிறேன். வெள்ளம். 2025 ஜூலை 4 அதிகாலை பாண்டேராவுக்குப் பக்கத்து கெர் கவுண்டியில் குவாடலூப் ஆறு ஒரு மணி நேரத்துக்குள் இருபது அடிக்கு மேல் ஏறி நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது, அதில் கேம்ப்புக்கு வந்த பிள்ளைகள் எத்தனை பேர். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பார்கள், இந்த ஊரில் நிஜக் குதிரையை நம்பியும் இறங்கக் கூடாது, டிரெய்லரோடு தாழ்பாலத்தில் இறங்கவே கூடாது. கூடாரமும் குதிரையும் மேட்டில் இருக்கட்டும். மழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். போனில் சிக்னல் போனாலும் கேட்கிற மாதிரி ஒரு வானிலை ரேடியோ, முப்பது நாற்பது டாலர்தான்.

கேள்வி: பாதையில் சைக்கிள்காரர்கள் வந்தால் யார் ஒதுங்க வேண்டும்? (வாசகர், ஆஸ்டின்)

அவர்கள்தான். நடப்பவர்களும் குதிரைக்கு வழிவிட வேண்டும், முடிந்தால் சரிவின் கீழ்ப்பக்கமாக நின்று. ஆனால் சட்டம் பேசாதீர்கள், "ஹலோ, கொஞ்சம் பேசுங்களேன்" என்று சிரித்துக் கேளுங்கள். முதுகுப்பையும் ஹெல்மெட்டுமாக நிற்கிற உருவத்திலிருந்து மனிதக் குரல் வந்ததும் குதிரை அடங்கிவிடும்.

கேள்வி: நான் தென்காசியிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க டாலஸ் வந்திருக்கிறேன். குதிரைக்குக் கொள்ளு கொடுப்பதுதானே நம் வழக்கம்? இவர்கள் வெறும் புல்லைப் போடுகிறார்கள். இந்தியன் கடையில் கொள்ளு நாலு பாக்கெட் வாங்கிவிட்டேன். கேம்ப்புக்கு எடுத்துப் போகலாமா? (ஒரு தாத்தா)

ஐயா, இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. உங்கள் மகன் வீட்டுக் குதிரை அந்த ஜாதி இல்லை, நல்ல புல்லிலேயே அதற்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது, பழகாத பருப்பைத் திடீரென்று போட்டால் மேலே சொன்ன வயிற்றுவலிதான் வரும், அதுவும் மருத்துவர் இல்லாத காட்டில். ஆனால் பாக்கெட்டுகளை எடுத்துப் போங்கள். நவம்பர் ராத்திரி அந்த மேட்டில் குளிர் எலும்பைத் தொடும். ஊறவைத்த கொள்ளு, நாலு மிளகு, பூண்டு, கேஸ் அடுப்பில் ஒரு சட்டி ரசம் வைத்துவிட்டீர்களென்றால், பத்து மணிக்குக் கடைசித் தடவையாகக் குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருகிற உங்கள் மருமகள் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவாள்.